நீதிபதிக்கு நான் போர்த்திய பொன்னாடை

என் வழக்கை எந்த நீதிபதி விசாரிக்கப்போகிறார் என்ற செய்தி வந்தபோது நான் உறைந்த பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தேன். நகரத்தின் வடக்கு ஓரத்தில், கிரெய்கிபர்னில், ஒரு குளிர்க்கிடங்கில் எனக்கு வேலை. உள்ளே எப்போதும் சைபருக்குக் கீழே இருபது. கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்த்தேன். என் வழக்கறிஞர் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார். நீதிபதியின் பெயர், பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று. வாசித்த பிறகு கையுறையைத் திரும்பப் போட மறந்துபோனேன். வலது கை விரல்கள் வேறு யாருடையவோ போல ஆனபிறகுதான் நினைவு வந்தது.

அந்தப் பெயர் மாநிலத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தவணை பிரிமியராக, எங்கள் பேச்சில் சொன்னால் முதலமைச்சராக, இருந்தவர். தேர்தலில் தோற்றார். காணாமல் போனார். பிறகு ஒருநாள் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதியாகத் திரும்பி வந்தார். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவருடைய தோளில் ஒருமுறை நான் பொன்னாடை போர்த்தியிருக்கிறேன். தோளில் என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வழக்கு. நான் இந்த நாட்டுக்குப் புகலிடம் கேட்டுப் படகில் வந்தவன். ஊரில் சங்கக்கடை, அதாவது கூட்டுறவுக் கடை, மனேஜர். சீனி மூட்டை எங்கே போனது, இயக்கத்துக்கா என்று கேட்டு ஒருநாள் ஆமிக்காரர் என்னைக் கூட்டிப்போனார்கள். பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு நாளை இங்கே அதிகாரிகளுக்குச் சொன்னேன், அவர்கள் மறுத்தார்கள். மேலே தீர்ப்பாயத்துக்குச் சொன்னேன், அங்கும் மறுத்தார்கள். தீர்ப்பாயம் எழுதிய முடிவில் ஒரு வாக்கியம் எனக்கு மனப்பாடம்: விண்ணப்பதாரர் தான் துன்புறுத்தப்பட்டதாகக் கூறும் பகுதியைப் புன்னகையுடன் விவரித்தார், ஆகவே அது நடந்ததென ஏற்க முடியவில்லை.

புன்னகைத்தது உண்மை. அதுகூடப் பரவாயில்லை, இடையில் ஒரு பகிடியும் விட்டேன். அடித்தவனுக்கு இடுப்புவலி, குனிய முடியாது, என்னைக் கதிரையில் ஏற்றி நிறுத்திவிட்டுத்தான் அடிப்பான் என்றேன். மொழிபெயர்த்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேறு எப்படி அதைச் சொல்வதென்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே எதுவும் அசைவதில்லை. அசையாததை வைத்துக்கொண்டு பகிடிதான் விடலாம். மனநல மருத்துவர் ஒருவர் இதை விளக்கி இரண்டு பக்கக் கடிதம் கொடுத்திருந்தார். தீர்ப்பாயம் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

"அதுதான் அண்ணா நம்ம பாயின்ட்," என்றார் வழக்கறிஞர். மதுரைக்காரப் பெண். முப்பது வயதிருக்கும். காசு வாங்காமல் என் வழக்கைப் பார்க்கிறவர். "ஜட்ஜ் உங்களை நம்புறாரா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல. ட்ரிப்யூனல் சட்டப்படி நடந்துச்சா, அவ்வளவுதான். இல்லன்னு சொன்னார்னா உங்க கேஸ் திரும்பப் போகும், நீங்க இங்க இருக்கலாம். தோத்துட்டோம்னா..."

"தோத்தால் ஊருக்குப் போகவேணும்."

"ஆமா."

அவர் அனுப்பிய மஞ்சள் முகத்துக்குக் காரணம் இருந்தது. இந்த நீதிபதி ஒவ்வொரு தாளையும் வாசிக்கிறவராம். நல்ல ஆள் அமைந்திருக்கிறார், பேசாமல் இருங்கள் என்றார்.

பேசாமல் இருப்பது எனக்கு வருமா? அன்று தொடக்கம் நான் அந்த மனிதரின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். இடைவேளையில், ரயிலில், கழிப்பறையில். செம்மறி வளர்க்கிற ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். அதே ஊரில் காணி உறுதிப் பத்திரம் எழுதிய வழக்கறிஞர். பிறகு எம்பி. பிறகு வீதிகளுக்கு அமைச்சர். ஒரு பாலத்தைத் திறந்துவைத்த படத்தில் அவர் கத்தரிக்கோலைப் பிடித்திருந்த விதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரக்கமுள்ளவன் பிடிக்கிற மாதிரி இருந்தது. அடுத்த நாள் ஒரு பழைய உரை கிடைத்தது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், விதிவிலக்குக் கிடையாது என்று சட்டமன்றத்தில் முழங்கியிருந்தார். அன்று சோற்றுப் பார்சலை நான் திறக்கவேயில்லை. பிறகுதான் அந்த உரை முழுக்க வண்டி நிறுத்துவதைப் பற்றியது என்று கண்டுபிடித்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் ஒன்றில் மரம் நட்ட படம். திரும்பப் பசித்தது.

என் அறைத் தோழன், அதே படகில் வந்தவன், இந்த ஆராய்ச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மச்சான், எனக்கு ஒண்டு விளங்கேல்ல. எங்கட பக்கம் ஜட்ஜா இருந்து ஓய்வெடுத்தாத்தான் ஆளுநர் ஆக்குவினம். இந்தாள் மாநிலத்தையே ஆண்டு போட்டு ஜட்ஜா வந்திருக்கு. இது பதவி உயர்வோ, தண்டனையோ?"

"தெரியேல்லடா."

"தண்டனை எண்டால் கோவத்தில இருப்பார். உனக்குத்தான் விழும்."

அன்று இரவு அவர் கோபமாக இருக்கிற படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஆனாலும் தோல்விக்குப் பிறகு வந்த அந்த இரண்டு வருட மௌனம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு படமும் இல்லை, ஒரு செய்தியும் இல்லை. பிறகு பழைய சட்டப் புத்தகங்களைத் தூசு தட்டி, தன் பாதி வயதுக்காரர்களோடு நின்று மறுபடியும் வாதாடியிருக்கிறார். சங்கக்கடையை நடத்திவிட்டுப் பட்டாணி தூக்குகிறவனுக்கு அது விளங்கும். மாநிலத்தை நடத்தியவர் இப்போது எங்களைப் போன்ற ஆட்களின் கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். இரண்டு பேரும் இறங்கி வந்தவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இறங்கிய இடத்துக்கு ஓட்டுநரோடு கார் வரும் என்பதை வசதியாக மறந்தேன்.

சரி, பொன்னாடை. அவர் பிரிமியராக இருந்த காலத்தில் டாண்டினோங்கில் ஒரு மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. அவர் பிரதம விருந்தினர். நான் அங்கே கதிரை அடுக்கப் போனவன். பொன்னாடை போர்த்தவேண்டிய டொக்டர் நெரிசலில் மாட்டிக்கொண்டார். சங்கச் செயலாளர், எண்பதுகளிலேயே இங்கு வந்து கணக்காளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அங்கிள், மேடைக்குக் கீழே சுற்றுமுற்றும் பார்த்தார். வேட்டி கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான்.

"தம்பி, ஏறும்! ஏறும்! யோசியாதையும்."

பிரிமியர் ஆறடிக்கு மேலே. நான் ஐந்தடி இரண்டு. நான் எட்டிப் போர்த்தவும் அவர் மரியாதைக்காகக் குனியவும் சரியாக இருந்தது. ஆடை தலையில் விழுந்து முகத்தை மூடிவிட்டது. அந்த நொடியில்தான் படம் எடுத்தவன் எடுத்தான். படத்தில் பொன்னாடைக்குக் கீழே ஒரு நாடி, பக்கத்தில் பேய் பிடித்தவன் போல நான். அவர் ஆடையை இறக்கிக்கொண்டு சிரித்தார். என் கையைப் பிடித்தபடியே மைக்கில் சொன்னார்: இது உங்கள் வீடு. மண்டபம் கைதட்டியது. நானும் தட்ட நினைத்தேன், கை அவரிடம் இருந்தது. பிறகு அவர் இரண்டு வடை சாப்பிட்டார், மூன்றாவதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்.

இது உங்கள் வீடு. அந்த வாக்கியத்தை நான் பல வருடம் விசா மாதிரி வைத்திருந்தேன்.

இப்போது கேள்வி இதுதான்: அவருக்கு என்னை நினைவிருக்குமா? நினைவிருந்தால் நல்லதா, முகத்தை மூடியவன் என்று நினைப்பாரா? தோழன் ஒரு வழி சொன்னான். த பேசின் என்ற ஊரில் மலையடிவாரத்துப் பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை. அடுத்த ஞாயிறு அவனுடைய காரில் போனோம். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். நான் என் பெயரைச் சொல்ல வாய் திறக்கும்முன் தோழன் நீதிபதியின் பெயரைச் சொன்னான்.

"நட்சத்திரம்?"

"அவிட்டம், கும்ப ராசி." பிறந்த தேதி இணையத்தில் இருந்ததாம். வருகிற வழியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது, போனில் கணித்துவிட்டான்.

"கோத்திரம்?"

"சிவ கோத்திரம் எண்டு வையுங்கோ ஐயா."

ஐயர் மணியை ஆட்டத் தொடங்கினார். ஒரு முன்னாள் பிரிமியரின் பெயர் மந்திரத்துக்குள் போய், பிசகாமல் வெளியே வந்தது.

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதை வேறு. ஆனால் எங்கள் ஊரில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் கடிதம் வேண்டும். பாடசாலைக்குச் சேர்க்கக் கடிதம், வேலைக்குக் கடிதம், ஆளைத் தடுத்துவைத்தால் விடுவிக்கக் கடிதம். ஊர் அலுவலரான விதானையார், பாதிரியார், சங்கத் தலைவர், யாரோ ஒருவர் இவர் எமக்குத் தெரிந்த நல்லவர் என்று எழுதி முத்திரை குத்தவேண்டும். அப்படித்தான் வளர்ந்தோம். நான் அங்கிளிடம் போனேன்.

"உம்மட கேஸ் இவரிட்டையோ? அட! இவர் எங்கட ஆளெல்லே!" என்றார். அன்றே உட்கார்ந்து சங்கத்தின் தலைத்தாளில் எழுதினார். மாண்புமிகு நீதிபதி அவர்களே, தாங்கள் எமது பொங்கல் விழாவுக்கு வருகைதந்து, எமது தம்பி ஒருவரின் கையைப் பற்றியபடி, இது உங்கள் வீடு என்று அருளிய வார்த்தைகளை நாம் மறக்கவில்லை, அவ்வேளை தங்களுக்குப் பொன்னாடை போர்த்திய தம்பியே இன்று தங்கள் முன் நிற்கிறார். ஆங்கிலத்தில் அது இன்னும் இனிப்பாக இருந்தது. சங்க முத்திரை. கூடவே படம், பெரிதாக்கி, சட்டம் போட்டு.

"லோயரிட்டச் சொல்லவேண்டாமோ அங்கிள்?"

"அந்தப் பிள்ளை சின்னப்பிள்ளை. இதுகள் விளங்காது."

நான் அதைக் குமிழிப் பிளாஸ்டிக்கில் சுற்றி, நீதிபதியின் அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். அன்று நன்றாகத் தூங்கினேன். வருடக்கணக்கில் அப்படித் தூங்கியதில்லை.

நான்கு நாள் கழித்து வழக்கறிஞர் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணா, நீங்க ஜட்ஜுக்கு என்ன அனுப்பிச்சீங்க?"

"ஒரு படம்."

"படம்."

"சட்டம் போட்டது."

அவர் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு சொன்னார். ஒரு தரப்பு நீதிபதிக்குத் தனியாக எதையும் அனுப்பக்கூடாது. அனுப்பினால் அவர் அதை மற்றத் தரப்புக்குக் காட்டியே ஆகவேண்டும். காட்டிவிட்டார். அரசாங்கத்தின் வழக்கறிஞரிடம் இப்போது என் படமும் அங்கிளின் இனிப்பும் இருக்கின்றன.

"அவருக்குக் கோவமோ?"

"கோவம் இல்லண்ணா. இனிமே அவர் இந்தக் கேஸைக் கேக்கலாமாங்கிறதே சந்தேகம்." தாள்களை மேசையில் போட்டது கேட்டது. "இவர் கிடைச்சதுக்கு நான் கோயிலுக்கெல்லாம் போனேன் தெரியுமா?"

எந்தக் கோயில் என்று கேட்க வாயெடுத்தேன், விட்டுவிட்டேன்.

விசாரணை நாளில் நகரத்துக்கு முதல் ரயிலில் போய்விட்டேன். தோழனின் கோட், கை நீளம். நீதிமன்ற அறையில் எல்லாம் வெளிர் மரம். நீதிபதி உள்ளே வந்தார். அந்த உயரம் மாறவில்லை, தலைமயிர் முழுக்க நரைத்திருந்தது. நான் அவரையே பார்த்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கதிரையைப் பார்ப்பது போலப் பார்த்தார். நினைவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கு வாரமாகச் சுமந்து திரிந்த கேள்விக்குப் பதில் அரை நொடியில் முடிந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. ஏமாற்றமாவது வந்திருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு வயதான தமிழ்நாட்டுக்காரர், வானொலிச் செய்தி மாதிரித் தமிழ். நீதிபதி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, அவருக்கு நேரம் கொடுத்தார்.

"மாண்புமிகு நீதிபதி கூறுகிறார், அந்த நிகழ்ச்சி தமக்கு நினைவில்லை என்று. அக்காலத்தில் தாம் இத்தகைய பல விழாக்களுக்குச் சென்றதாகக் கூறுகிறார். நினைவில்லாதது விண்ணப்பதாரரின் தவறு அல்ல என்றும் கூறுகிறார்."

அரசாங்கத்தின் வழக்கறிஞர் எழுந்தார். படம் ஒன்றும் பெரிய விஷயமில்லை, அரசியல்வாதிகள் எல்லோரோடும் படம் எடுப்பார்கள் என்றார். நான் கதிரையில் சாய்ந்துகொண்டேன். ஆனால் அந்தப் பேச்சு, என்றார். அந்த வாக்கியம்.

நீதிபதி தலையசைத்தார். அங்கிளின் கடிதத்தை எடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த வரியை மெதுவாக வாசித்தார். தன்னுடைய வாக்கியத்தை வேறு யாரோ சொன்னது போல வாசித்தார்.

"மாண்புமிகு நீதிபதி கூறுகிறார், பொதுப்பதவியில் இருந்தபோது, இந்த விண்ணப்பதாரரின் கையைப் பற்றிக்கொண்டு, இது உங்கள் வீடு என்று தாம் கூறியிருந்தால், இன்று இவர் இந்நாட்டில் இருக்கலாமா என்ற வழக்கில் தாம் ஏற்கனவே முடிவெடுத்துவிட்டதாக வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் எண்ணக்கூடும். ஆகவே தாம் விலகுவதாகக் கூறுகிறார். வழக்கு வேறொரு நீதிபதிக்கு மாற்றப்படும்."

பிறகு நீதிபதி நேரே என்னிடம், ஆங்கிலத்தில், எனக்கு விளங்கக்கூடிய எளிய ஆங்கிலத்தில், தாமதத்துக்கு வருந்துகிறேன் என்றார். படத்தைத் திருப்பித் தரச் சொன்னார். நான் எழுந்து கும்பிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. பழக்கம். மொத்தம் பதினெட்டு நிமிடம்.

மின்தூக்கியில் வழக்கறிஞர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"நம்ம ஃபைலைப் பார்த்தீங்களா? அவர் மேசையில இருந்ததே?"

"இல்லை."

"முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்துச்சு. டாக்டர் லெட்டர் இருக்கிற பக்கத்துல மூணு. மூணு ஒட்டியிருந்தார் அண்ணா."

நான் ஏதாவது பகிடி விட முயன்றேன். படத்தை உங்களுக்கே தாறன், ஒஃபிஸில மாட்டுங்கோ என்றேன். அவர் சிரிக்கவில்லை. கீழ்த்தளம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தேதி எப்போது வரும் என்று தெரியாது, வருடம்கூட ஆகலாம் என்றார். அழவேண்டியவன் நான். எனக்காக அவர் அழுதார். அதைப் பார்த்துக்கொண்டு, மூன்று மணி ஷிஃப்டுக்குப் போய்ச் சேரலாமா என்று நான் மனதுக்குள் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிளுக்குச் சொன்னபோது அவர் சங்கடப்பட்டார். "மனுசன் நேர்மையான ஆள் பாரும்," என்றார் கடைசியில். "இப்பிடிப்பட்ட ஆக்களைத்தான் நாங்கள் கூப்பிட்டுக் கௌரவிக்கவேணும்." அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

பதினொரு மாதம் போனது. புதிய நீதிபதி ஒரு அம்மா. அவருடைய பெயரைப் போனில் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பாலம் திறக்கவில்லை, மரம் நடவில்லை, ஒரு உரையும் இல்லை. படித்த இடம், பதவியேற்ற நாள், அவ்வளவுதான். பயப்படுவதற்கு ஒரு பிடிகூட இல்லை. தோழன் அர்ச்சனைக்குக் கேட்டான், பிறந்த தேதி கிடைக்காததால் விட்டுவிட்டோம். விசாரணையில் அவர் தலையை நிமிர்த்தவே இல்லை, எழுதிக்கொண்டே இருந்தார். என்னை அவர் பார்த்தாரா என்பதே எனக்குத் தெரியாது. இது சரிவராது என்று முடிவுகட்டினேன். தீர்ப்பு நாளுக்குப் போகும்முன் சாமான்களைப் பார்த்தேன். ஒரு சூட்கேசுக்குப் போதாத அளவுதான் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு அது கொஞ்சம் வெட்கம்.

தீர்ப்பை அவர் ஏழு நிமிடத்தில் வாசித்தார். மருத்துவரின் கடிதத்தைத் தீர்ப்பாயம் கருத்தில் எடுக்காதது சட்டப் பிழை. முடிவு செல்லாது. விண்ணப்பம் புதிதாக விசாரிக்கப்படத் தீர்ப்பாயத்துக்கே திரும்புகிறது.

வழக்கறிஞர் என் கையைப் பிடித்து உலுக்கினார். "ஜெயிச்சிட்டோம் அண்ணா! ஜெயிச்சிட்டோம்!" பிறகு, கொஞ்சம் குரலை இறக்கி, "ஆனா இன்னொரு தடவை அவங்க முன்னாடி உக்காந்து எல்லாத்தையும் முதல்லருந்து சொல்லணும்," என்றார்.

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

அவர் வேறு ஒரு வழக்குக்காக மேலே ஓடினார். நான் வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்றேன். வெயில் அடித்தது, அது என் மேல்தான் அடிக்கிறது என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். போன் அடித்தது. வவுனியாவிலிருந்து மனைவி. அங்கே இன்னும் காலைச் சமையல் முடிந்திருக்காது.

"என்னவாம்?"

"திரும்ப விசாரிக்கச் சொல்லிப் போட்டினம்."

"அது நல்லதோ, கூடாததோ?"

"நல்லதாம்."

"ஆர் சொன்னது?"

"லோயர்."

பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம். அடுப்பைக் குறைத்திருக்கவேண்டும், சத்தம் நின்றது.

"அந்தப் பிள்ளை சொன்னது கிடக்கட்டும். உங்களுக்கு எப்பிடிக் கிடக்கு? சந்தோசமோ?"

நான் பார்த்தேன். உண்மையாகவே உள்ளே தேடிப் பார்த்தேன், சங்கக்கடைப் பின்னறையில் சரக்கு இருப்பு எடுக்கிறவன் மாதிரி. அவள் காத்திருந்தாள். பன்னிரண்டு வருடம் காத்திருந்தவளுக்கு ஏதாவது சொல்லவேண்டும். ஒரு பகிடியாவது வரும் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை.

"இஞ்சேருங்கோ? கேக்குதோ?"

"கேக்குது. டிராம் வந்திட்டுது. பிறகு எடுக்கிறன்."

"சரி, கவனமா ஏறுங்கோ."

டிராம் வரவில்லை. இன்னும் ஒன்பது நிமிடம் என்று பலகை காட்டியது.